தோர்ன்பேங்க் வீட்டுப் பின்னறையில் ஒரு கொளுக்கி

சிட்னி லிட்கமில் இருக்கும் தெரிந்தவர் ஒருவர் மார்ச் மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். "அண்ணை, நீங்கள் முந்தி இருந்த வீடு இதுதானே? இப்ப ஆக்கள் வந்து பாக்கிற நூதனசாலை ஆக்கிப் போட்டினம்" என்று கீழே எழுதியிருந்தார். படத்தில் இருந்தது எங்கள் படுக்கையறை. கட்டிலும் திரைச்சீலையும் யாருடையவோ. ஆனால் மரவிட்டத்தில் நான் போட்ட இரும்புக் கொளுக்கி அப்படியே இருந்தது. அதற்கு நேர் கீழே சுவரில் ஓர் அட்டை. பெரிதாக்கி வாசித்தேன். வீட்டைக் கட்டிய வெதர்பி துரை அந்தக் கொளுக்கியில் விளக்கைத் தொங்கவிட்டு, மாலையில் குடும்பத்துக்கு வேதாகமம் வாசிப்பாராம்.

அந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்று அன்றே மனைவி கமலாவிடம் சொல்லிவிட்டேன்.

"ஏன், அட்டையோட சண்டை பிடிக்கவோ?" என்றாள்.

"ஓம்" என்றேன்.

சிட்னிக்குத் தெற்கே, மொஸ்வேல் பக்கத்து மேட்டுநிலத்தில் இருக்கிறது தோர்ன்பேங்க். மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும், பத்து மணி முதல் மூன்று மணி வரை திறந்திருக்கும். நாங்கள் போனது ஏப்ரல் முதல் ஞாயிறு. அன்றுதான் இங்கே கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னால் தள்ளுகிற நாள். நான் கைக்கடிகாரத்தை நம்புகிறவன். அதனால் எங்கள் வீட்டுப் பக்கத்து மெரிலேண்ட்ஸ் ஸ்டேஷனுக்கு ஒரு மணித்தியாலம் முந்திப் போய்க் குளிரில் நின்றோம். கமலாவின் போன் தானாகவே மாறியிருந்தது. அதை அவள் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் சொன்னாள். நீங்கள் ஏப்ரலில் போவதானால் இதைக் கவனியுங்கள்.

மெரிலேண்ட்ஸில் இருந்து கிளென்ஃபீல்ட், அங்கே மாறி கேம்பல்டவுன், அங்கே மறுபடி மாறி மொஸ்வேல். காத்திருப்பு உட்பட மூன்று மணித்தியாலம் பிடிக்கும். முதியோருக்கான ஓபல் பயண அட்டை இருந்தால் போய்வர ஆளுக்கு இரண்டரை டொலர்தான். இந்த நாட்டைப் பற்றி எனக்கு நிறைய முறைப்பாடு உண்டு, இந்த அட்டையைப் பற்றி இல்லை. கேம்பல்டவுனுக்குப் பிறகு வருவது டீசல் ரெயில். ஞாயிற்றுக்கிழமைகளில் சேவை குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் பிளாட்பாரத்தில் குந்தியிருக்க வேண்டியதுதான். பிக்டன் தாண்டியதும் புல்வெளி தொடங்கும். இடது பக்க யன்னலோரம் இருங்கள்.

மொஸ்வேலில் இருந்து வீட்டுக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர். பஸ் கிடையாது. முதல் நாளே சொல்லிவைத்த டாக்சி வந்தது. ஓட்டுநர் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்.

"அந்த வீட்டுல என்ன அங்கிள் இருக்கு? பழைய நாற்காலி, பீங்கான் தட்டு. சுத்திக் கயிறு கட்டி வச்சிருப்பாங்க, தொடக்கூட விட மாட்டாங்க."

"நாங்கள் அங்க இருந்தனாங்கள், தம்பி."

"இருந்தீங்களா? வேலைக்கா?"

"வாடகைக்கு."

"அரண்மனையில வாடகைக்கா! சூப்பர் அங்கிள்."

"அரண்மனை எண்டு அவருக்குச் சொல்லாதேங்கோ தம்பி" என்றாள் கமலா. "பிறகு கூரை ஒழுகின கதை தொடங்கும். மொஸ்வேலுக்குத் திரும்பிப் போனாலும் முடியாது."

முப்பத்தெட்டு டொலர் எடுத்தான். திரும்பவும் இரண்டரை மணிக்கு வரச் சொல்லிவைத்தோம்.

கூரை உண்மையிலேயே ஒழுகியது. எண்பதுகளின் நடுவில், யாழ்ப்பாணத்தை விட்டு வந்த புதிதில், எனக்குப் பக்கத்துச் சீமெந்து ஆலையில் வேலை கிடைத்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இயந்திரம் பழுது பார்ப்பதும் ஆங்கிலமும் நானாகப் பிடித்துக்கொண்டவை. தங்க இடம் தேடியபோது ஆலையில் ஒருவர் தோர்ன்பேங்கைக் காட்டினார். மணற்கல் சுவர், முன்புறம் முழுவதும் விறாந்தை, இருபக்கமும் பைன் மரங்கள். கம்பளி வியாபாரத்தில் பணம் சேர்த்த வெதர்பி குடும்பம் தலைமுறையாக வாழ்ந்த வீடு. அப்போது அதில் மிஞ்சியிருந்தது ஒரே ஆள். மிஸ் வெதர்பி, எழுபது வயது தாண்டியவர், கல்யாணம் செய்யாதவர்.

பின்பக்க இரண்டு அறைகளையும் சமைக்கச் சின்னக் குசினியையும் எங்களுக்குத் தந்தார். எழுத்தில் ஒன்றும் இல்லை, வாய்ப்பேச்சுத்தான். சிட்னியில் இருந்த தன் தம்பிக்குத் தெரியக்கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. வாடகைக்கு ஆள் வைத்திருப்பது தெரிந்தால், உன்னால் இனி வீட்டைப் பராமரிக்க முடியாது என்று சொல்லி அவர் விற்றுவிடுவாராம். தம்பி வருகிற ஞாயிறுகளில் நாங்கள் சோற்றைக் கட்டிக்கொண்டு மொஸ்வேல் பூங்காவுக்குப் போய்விடுவோம். பின்பக்கம் ஒழுகுகிறது, அங்கே போகாதே என்று மிஸ் வெதர்பி தம்பியிடம் சொல்லிவிடுவார். அதில் பொய் இல்லை.

எங்கள் மகள் தாரணி பிறந்தது அங்கேதான். ஆலையில் கழித்துப்போட்ட இரும்பில் கொளுக்கி அடித்து, விட்டத்தில் துளைத்து முடுக்கி, கமலாவின் நூல் சேலையில் ஏணை கட்டினேன். சேலையில் தொங்கும் தொட்டிலை எங்கள் ஊரில் ஏணை என்போம். வாடகை வாங்க வந்த மிஸ் வெதர்பி அதைக் கண்டு, பன்றித் தொடையை ஏன் படுக்கையறையில் தொங்கவிட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். பன்றித் தொடை அழத் தொடங்கியதும் இரண்டடி பின்னால் போனார்.

அடுத்த நாள் மாலை தன் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். அதன் பிறகு ஒவ்வொரு மாலையும் வந்தார். வலது கையால் ஏணையை ஆட்டுவார், இடது கையில் பேப்பர். அதில் செம்மறி ஆட்டு விலைகளைச் சத்தமாக வாசிப்பார். எங்கள் பிள்ளை தாலாட்டுக் கேட்டு வளரவில்லை, சந்தை நிலவரம் கேட்டு வளர்ந்தது. தாரணி என்ற பெயர் அவர் வாயில் தாரா ஆகிவிட்டது.

ஒரு குளிர்காலம் அவருக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். நான்காம் நாள் கமலா வைத்த ரசத்தோடு போனேன், கட்டில் வெறுமையாக இருந்தது. குடும்பத்தார் சிட்னிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார் தாதி. எங்கே என்று கேட்டேன். உறவினருக்கு மட்டும்தான் சொல்வோம் என்றார். அடுத்த வாரம் வாசலில் விற்பனைப் பலகை முளைத்தது. எங்களிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. வந்து கேட்கிறவர்களுக்கு நாங்கள் யார் என்று சொல்வது? அந்தச் சனிக்கிழமையே மூட்டை கட்டிச் சிட்னிக்கு வந்தோம். அவரைப் பிறகு காணவே இல்லை. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவரைக் கொண்டுபோன வெதர்பி குடும்பத்தின் மீது எனக்கு இருந்த கோபம் இத்தனை வருடத்தில் ஒரு துளியும் குறையவில்லை. யாராவது எதிரில் வந்தால் சொல்லவேண்டியதை ஆங்கிலத்தில் பாடமாக்கி வைத்திருந்தேன்.

வீட்டை இப்போது பழைய கட்டடங்களைப் பேணும் ஒரு சங்கம் வாங்கி நடத்துகிறது. நுழைவு பதினைந்து டொலர், முதியோருக்குப் பன்னிரண்டு. நான் இருந்த வீட்டுக்கு நானே காசு கொடுப்பதா என்று வாசலில் நின்றேன். கமலா கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சப்பாத்தைக் கழற்றச் சொல்வார்கள், ஓட்டை இல்லாத காலுறை போட்டுப் போங்கள்.

உள்ளே முதலில் ஓர் அறிவித்தல். வீட்டை முதல் வெதர்பி கட்டியபடியே மீட்டெடுப்பதாகவும், பிற்காலத்தில் சேர்த்தவை எல்லாம் படிப்படியாக அகற்றப்படுவதாகவும் எழுதியிருந்தது. எங்கள் குசினியை ஏற்கனவே காணவில்லை. அது இருந்த இடத்தில் ரோஜாச் செடி.

சுற்றிக்காட்டியவர் ஹெலன், அறுபது வயதளவில், கலகலப்பான பேச்சு. தான் மிஸ் வெதர்பியின் தம்பி மகள் என்றதும் நான் நிமிர்ந்தேன். எங்களோடு இன்னும் ஏழெட்டுப் பேர். பின்னறைக்கு வந்ததும் ஹெலன் கொளுக்கியைக் காட்டி விளக்குக் கதையைத் தொடங்கினார்.

கமலா என் சட்டையை இழுத்தாள். "இஞ்சருங்கோ. விளக்குக் கொளுக்கி எண்டு நினைச்சால் விட்டுவைப்பினம். எங்கட எண்டு தெரிஞ்சால் கழட்டிப் போடுவினம். அறிவித்தலை வாசிச்சனீங்கள்தானே? வாயை மூடிக்கொண்டு நில்லுங்கோ."

"பொய்யிலை தொங்கிக்கொண்டு இருக்கிறதுக்கு அது கழண்டே போகட்டும்."

"உங்களுக்குக் கொளுக்கி பெரிசில்லை, வெல்லுறதுதான் பெரிசு."

அவள் சொல்வதில் நியாயம் இருந்தது. இருந்தும் கையை உயர்த்தினேன். அந்தக் கொளுக்கியை அடித்தவன் நான், அதில் தொங்கியது விளக்கு அல்ல என் மகள் என்றேன்.

நீங்கள் வேறு வீட்டை நினைக்கிறீர்கள் போலிருக்கிறது, என்றார் ஹெலன் மரியாதையாக. இந்த வீட்டில் அந்தக் காலத்தில் அத்தை தனியாகத்தான் இருந்தார், பின்பக்கம் பூட்டிக் கிடந்தது.

இதைக் கேட்டதும் என் சட்டையை இழுத்துப் பிடித்திருந்த கமலாவே முன்னால் போனாள். "நோ" என்றாள். அவள் ஆங்கிலம் சுருக்கமானது. உங்கள் அத்தை ஒவ்வொரு மாலையும் இங்கே கதிரை போட்டு இருப்பார், பிள்ளையை ஆட்டுவார், ஆட்டு விலை வாசிப்பார் என்று சொல்லி, வலது கையை முன்னும் பின்னும் அசைத்துக் காட்டினாள்.

ஹெலன் அந்தக் கையையே பார்த்தார். பிறகு, "பிள்ளைக்கு என்ன பெயர்?" என்று கேட்டார்.

"தாரணி. மிஸ் வெதர்பிக்குத் தாரா."

கயிறு கட்டி, அமராதீர்கள் என்று எழுதி வைத்திருந்த கதிரையில் ஹெலன் போய் அமர்ந்துவிட்டார். வந்தவர்களில் ஒருவர் மற்றவர்களைத் தோட்டம் பார்க்க அழைத்துப் போனார்.

ஹெலன் சொன்னதை இங்கே சுருக்கி எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் அத்தை, பின்னறைக்குப் போய்ப் பிள்ளையை ஆட்டவேண்டும், என்னை விடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். அவர் வீட்டில் ஏது பிள்ளை? புத்தி தடுமாறிவிட்டது, இனித் தனியாக விடக்கூடாது என்று ஹெலனின் தகப்பன் முடிவெடுத்தார். சிட்னியில் முதியோர் இல்லத்தில் விட்டார்கள். அங்கேயும் தாரா தூங்கிவிட்டாளா என்று கேட்பார், வலது கையை ஆட்டிக்கொண்டிருப்பார். "கல்யாணம் செய்யாதவள், கடைசியில் தனக்கு ஒரு பிள்ளையைக் கற்பனை செய்துகொண்டாள் என்றுதான் அப்பா சொல்வார். நாங்களும் நம்பினோம்" என்றார் ஹெலன்.

நான் பாடமாக்கி வைத்திருந்தது முழுவதும் நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொல்லவேண்டிய ஆள் அந்தத் தகப்பன். அவர் இப்போது இல்லை. சொல்லாமல் விழுங்கினேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று யாரும் எழுதவேண்டாம். அது இருக்கிறது, இந்தப் பெண்ணின் மீது இல்லை.

கமலா போனில் தாரணியின் படத்தை எடுத்துக் காட்டினாள். நாற்பது வயது, கண்ணாடி, இரண்டு பிள்ளைகள். ஹெலன் வெகுநேரம் பார்த்தார். "இவளுக்கு ஆட்டு விலை தெரியுமா?" என்று கேட்டார். அழுதுகொண்டே சிரித்தார்.

பிறகு எழுந்து, விளக்குக் கதை அட்டையைச் சுவரில் இருந்து கழற்றிப் பையில் வைத்தார். நேர்மையாக ஒன்றும் சொன்னார். கொளுக்கி பிற்காலத்தது என்று தெரிந்துகொண்டு மறைக்க முடியாது, சங்கத்துக்குச் சொல்லியே ஆகவேண்டும். அவர்களின் விதிப்படி அது போகவேண்டியது. விதியை மாற்றச் சொல்லித் தான் வாதாடுவதாகவும், ஆனால் தனக்கு ஒரு வாக்குத்தான் என்றும் சொன்னார். கூட்டம் மே மாதக் கடைசியில். வந்து பேசுவீர்களா என்று கேட்டார். வருவேன் என்றேன். கமலா என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தேவையில்லை.

திரும்பி வரும்போது மிட்டகொங் ஸ்டேஷனில் ரெயில் நின்றதும் கேட்டாள்.

"கழட்டினால் என்ன செய்வியள்?"

"கழட்டட்டும்."

"நீங்கள் மாறமாட்டியள்." பிறகு அவளே சொன்னாள், "சொன்னது நல்லதுதான். அதுக்காகப் பெருமைப்படாதேங்கோ."

ஒரு பழைய வீட்டை எந்த வருடத்துக்கு மீட்டெடுப்பது என்பதை இப்போது உயிரோடு இருப்பவர்கள் தீர்மானிக்கிறார்கள். கட்டியவருக்கு ஓர் அறை முழுக்க மரியாதை. அதே வீட்டில் தனியாக நின்று, ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி வைத்து, தெரியாத இரண்டு பேரை உள்ளே விட்ட கடைசிப் பெண்ணுக்கு ஓர் அட்டைகூட இல்லை. கூட்டத்தில் நான் பேசப்போவது இதுதான்.

போக நினைப்பவர்கள் மே முதல் ஞாயிறே போங்கள். டாக்சிக்கு முதல் நாளே சொல்லுங்கள். சாப்பாடு கொண்டுபோங்கள், அங்கே தேநீரும் ஸ்கோன் என்கிற பணிஸும்தான், ஒன்பது டொலர். கம்பளி உடுப்பு ஒன்று கையில் இருக்கட்டும். பின்னறையில் கொளுக்கி இருந்தால் அண்ணாந்து பாருங்கள். பிந்திப் போய் அது கழற்றப்பட்டிருந்தால் விட்டத்தில் துளை தெரியும், அதைப் பாருங்கள். ஹெலன் இல்லாத நாளில் வேறு யாராவது நின்று விளக்குக் கதை சொன்னால், கூச்சப்படாமல் கையை உயர்த்துங்கள். இந்த அறையில் மிஸ் வெதர்பி தாரணி என்ற பிள்ளையை ஆட்டினார் என்று சொல்லுங்கள். அவருக்குக் கடைசிவரை புத்தி தெளிவாகத்தான் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.