ஞாயிற்றுக்கிழமை மூஞ்சி

கமலக்கண்ணனுக்குத் தப்பு கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. ஓசூரில், லாரிக்கு பிரேக் சாமான் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். கோவில்பட்டியிலிருந்து வந்து பதினேழு வருஷமாகிறது. அவர் ரிஜெக்ட் செய்த சாமானைக் கொண்டே இன்னொரு கம்பெனி ஆரம்பித்திருக்கலாம் என்று கூட வேலை செய்கிறவர்கள் பேசிக்கொள்வார்கள். அவர் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்.

அப்பேர்ப்பட்டவரிடம், பிரஷர் ஏறிக் கிடக்கிறது, மனசுக்கு லேசாக ஏதாவது பொழுதுபோக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். மூக்கண்டப்பள்ளியில் அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு குடோன் மாடியில் ஏர் பிஸ்டல் கிளப் இருந்தது. பத்து மீட்டர் தள்ளி ஓர் அட்டை தொங்கும். அதன் நடுப்புள்ளியில் பட்டால் பத்து. விலக விலக எண் குறையும். முதல் நாள் இவர் சுட்டதில் பாதி அட்டையைத் தொடவேயில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்து பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தேங்காய் துருவிக் கொடுத்தார். அவர் மனைவி லாவண்யா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள், இது எவ்வளவு நேரம் தாங்கும் என்று.

நாலு வாரம் தாங்கியது. அதற்குப் பிறகு அட்டைகள் சுமாராகத் தேறத் தொடங்கின. தேறத் தொடங்கியதுமே சொந்தமாக ஒரு பிஸ்டல் வாங்கினார், மனுஷனுக்கு நிம்மதியும் போய்விட்டது. எண்ணைக் கண்டால் சும்மா விடுகிற ஆளா அவர்? ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு கட்டம் போட்டு, பட்ட இடம், மூச்சு, கால் வைத்த அகலம், முந்தின ராத்திரி சாப்பிட்டது என்று எழுதிவைத்தார். புளிசாதம் சாப்பிட்ட மறுநாள் குண்டு இடப்பக்கம் போகிறது என்று ஒரு முடிவுக்கும் வந்தார்.

இதெல்லாம் போதாதென்று சென்னப்பன் வேறு. வேப்பனப்பள்ளியில் மாந்தோப்பு வைத்திருப்பவர், ஐம்பது தாண்டியவர். ஞாயிற்றுக்கிழமையானால் பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். பயிற்சி என்று எதுவும் கிடையாது. வருவார், டீ குடிப்பார், தெலுங்கில் ஒரு ஜோக், கன்னடத்தில் ஒரு ஜோக் சொல்வார், சுடுவார். ஆறு விழுந்தாலும் சிரிப்பார், பத்து விழுந்தாலும் அதே சிரிப்பு. கடைசியில் கூட்டிப் பார்த்தால் கமலக்கண்ணனைவிட இரண்டு மூன்று கூட இருக்கும். தோற்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், சிரித்துக்கொண்டே ஜெயிக்கிறவனிடம் தோற்பது வயிற்றெரிச்சல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடு திரும்பும்போது அவர் மூஞ்சியைப் பார்த்தால் கீழ்வீட்டு நாய்கூட எழுந்து வேறு இடத்தில் படுத்துக்கொள்ளும்.

ஒரு வாரம் பத்துக்குப் பதில் ஏழாகவே விழுந்துகொண்டிருந்தது. கம்பெனியில் பழுதுக்கு மூலகாரணம் கண்டுபிடிக்க ஐந்து முறை 'ஏன்' கேட்டு ஒரு தாள் எழுதுவார்கள். கமலக்கண்ணன் அதே தாளை வீட்டில் எழுதினார். ஏழு ஏன்? கை நடுங்கியது. ஏன்? காபி. ஏன் காபி? லாவண்யா கொடுத்தாள். ஏன் கொடுத்தாள்? தினமும் கொடுக்கிறாள். ஏன் தினமும்? கல்யாணம் ஆனதால். மூலகாரணம்: கல்யாணம். வேலை சுத்தமாக இருந்ததில் திருப்திப்பட்டு, தாளை ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுக் குளிக்கப் போனார்.

லாவண்யாவும் சும்மா ஆளில்லை. ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் லீடர். அந்தத் தாளை அவளும் நூறு எழுதியிருக்கிறாள். அவர் குளித்துவிட்டு வருவதற்குள் பக்கத்திலேயே இன்னொரு தாள் ஒட்டியிருந்தது. பழுது: ஞாயிற்றுக்கிழமை மூஞ்சி. தீர்வு: வருகிற ஞாயிறு கிளப் ஆண்டுவிழாப் போட்டி முடிந்தும் இதே மூஞ்சியோடு வந்தால் பிஸ்டல் விற்கப்படும்.

"பிஸ்டலை போட்டோ எடுத்தாச்சுங்க. நெட்ல போட வேண்டியதுதான் பாக்கி" என்றாள்.

கமலக்கண்ணனுக்குத் திக்கென்றது. சொல்லிவிட்டால் செய்துவிடுகிறவள் அவள். அந்த பிஸ்டலின் பிடியை அவர் தன் கைக்குத் தகுந்தமாதிரி மூன்று மாசம் தேய்த்து வைத்திருந்தார். ஜெயித்தால் மூஞ்சி தானாகச் சிரிக்கும், ஆகவே ஜெயித்தே தீரவேண்டும் என்று கணக்குப் போட்டார். வேறு வழி அவருக்குத் தோன்றவேயில்லை, பாவம்.

போட்டியன்று காபி இல்லை. புளிசாதம் ஒரு வாரமாகவே இல்லை. நாற்பது குண்டு, குண்டுக்கு ஒரு அட்டை. பக்கத்துத் தடத்திலேயே சென்னப்பன் நின்றார். தன் குண்டு எங்கே பட்டது என்று பார்க்கக் கமலக்கண்ணன் ஒரு சின்னத் தொலைநோக்கி வாங்கி வைத்திருந்தார். அன்று அது முக்கால்வாசி நேரம் சென்னப்பன் அட்டையைத்தான் பார்த்தது. கோச் சுஜாதா மேடம் ஆறு மாசமாகச் சொல்லிவந்தது ஒன்றே ஒன்று: பிஸ்டல் நுனியில் இருக்கிற குறிமுள்ளை மட்டும் பாருங்கள், அட்டை மங்கித்தான் தெரியவேண்டும். அவர் என்றைக்கு அதைக் கேட்டார்?

முப்பத்தொன்பது குண்டு முடிந்தபோது கமலக்கண்ணன் இரண்டு எண் முன்னால் இருந்தார். சென்னப்பன் தன் கடைசிக் குண்டைச் சுட்டார். கமலக்கண்ணன் தொலைநோக்கியில் எட்டிப் பார்த்தார். ஏழு.

உடம்பெல்லாம் லேசாகிப்போனது. ஆறு மாசத்தில் முதல்முறையாக அவர் எதையும் கணக்குப் போடவில்லை. கை தானாக எழுந்தது. குறிமுள் தெளிவாகத் தெரிந்தது, அட்டை மங்கியது. விரல் எப்போது அழுத்தியது என்றே அவருக்குத் தெரியாது. பத்து என்று மட்டும் தெரிந்தது. அந்த ஒரு நொடி அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

கயிற்றை இழுத்து அட்டையை வரவழைத்தார். அட்டையில் ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்தில் சென்னப்பன் தன் அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் இரண்டு ஓட்டை. ஒன்று ஏழு. இன்னொன்று நட்டநடுவே, பத்து.

சுஜாதா மேடம் வந்தார். அடுத்தவர் அட்டையில் சுட்டதால் கமலக்கண்ணனுக்குப் பூஜ்யம். எது யாருடையது என்று தெரியாவிட்டால் சென்னப்பனுக்குப் பெரிய எண், அதாவது பத்து, கோப்பையும் அவருக்கே, ஏழுதான் என்றால் அத்திப்பள்ளிக்காரர் முந்திவிடுவார் என்றார். யாராவது பார்த்தீர்களா என்று கேட்டார்.

சென்னப்பன் கையை விரித்தார். "நான் எங்க பாத்தேன் மேடம். சுட்டுட்டு டீ வந்துச்சான்னு பாத்துகினு இருந்தேன்."

பார்த்தவர் ஒருவர்தான். சொன்னால், போட்டி முழுக்க அடுத்தவர் அட்டையை எட்டிப் பார்த்த கதை வெளியே வரும். சொல்லாவிட்டால் அந்தப் பத்து சென்னப்பனுடையதாகிவிடும். அதை மட்டும் அவரால் தாங்கமுடியவில்லை.

"மேடம், அண்ணாச்சியோடது ஏழு. நான் தொலைநோக்கில பாத்தேன், காலையில இருந்து அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். அந்தப் பத்து என்னோடது."

"உங்களுக்கு எப்படியும் பூஜ்யம்தான் சார்."

"பூஜ்யமே போட்டுக்கோங்க மேடம். ஆனா பத்து என்னோடது."

கோப்பை கைநழுவிய சென்னப்பன் ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எடுத்துக்கோ சார், உன் பத்த நீயே வச்சுக்கோ" என்று அட்டையை நீட்டினார். அதை வாங்கும்போது கமலக்கண்ணனுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அத்திப்பள்ளியிலிருந்து வந்திருந்த யாரோ ஒருவர் கோப்பையை வாங்கிப் போனார். இவர்கள் இரண்டு பேரும் அதைப் பார்க்கக்கூட இல்லை.

வீட்டு வாசலில் லாவண்யா போனும் கையுமாக நின்றாள். புருஷன் மூஞ்சியைப் பார்த்ததும் ஜெயித்துவிட்டார் என்றே நினைத்தாள். நாலாவது இடம் என்றார். கடைசிக் குண்டு பூஜ்யம் என்றார். அட்டையைக் காட்டி, குறிமுள் தெரிந்ததை, அட்டை மங்கியதை, விரல் தானாக அழுத்தியதை, எல்லாவற்றையும் சொன்னார். சாப்பிடும்போது சொன்னார், அவள் பாத்திரம் தேய்க்கும்போது பக்கத்தில் நின்று சொன்னார், தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துச் செய்தும் காட்டினார். சாயங்காலம் கீழ்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

லாவண்யா போனை எடுத்து பிஸ்டல் போட்டோவை அழிக்கப் போனாள். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று அப்படியே விட்டுவிட்டாள்.