சாத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு ஐஸ் கொண்டுபோனது

மாலை ஐந்து மணிக்குச் சாத்தூர் ஸ்டேஷனில் இறங்கினேன். தூத்துக்குடியிலிருந்து என்னோடு வந்தது, உமி அடைத்த சாக்கில் ஒரு பாளம் ஐஸ். ராஜபாளையத்துப் பள்ளிக்கூடத்தில் என் சிநேகிதன் சுந்தரம் உபாத்தியாயர். ரசாயனம் கற்பிக்க அவனுக்கு ஓர் அறை வேண்டும். அவ்வூர்ப் பஞ்சு வியாபாரி, தெலுங்கு பேசும் ராஜா குலத்தவர் ஒருவர், "காத்து கட்டியாகும்கிறீரே, அதை என் கண்ணால பாத்தா பஞ்சு அடைக்கிற கிட்டங்கியில ஒரு அறை தாரேன்" என்று சொல்லியிருந்தார். குளோரின் என்னும் இளம்பச்சைக் காற்றைக் கடுங்குளிர் நீருக்குள் விட்டால் இரண்டும் சேர்ந்து மஞ்சள் படிகமாக உறையும். குளிர் போனால் படிகமும் போகும். ஆகவே அந்த ஐஸ்தான் எங்கள் உயிர்.

மைதீன் ராவுத்தரின் மாட்டுவண்டியைப் பேசினேன். வாடகை இரண்டு ரூபாய். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இருபத்துநான்கு மைல், அங்கிருந்து ராஜபாளையம் ஏழு மைல். வழக்கமாக அவர் வெற்றிலைக் கட்டு ஏற்றுகிறவர். "சாக்க நான் பாத்துக்கிடுதேன், நீங்க படுங்கய்யா" என்றார். நானும் பெரிய புத்திசாலி போலக் குறட்டை விட்டேன்.

விடியும்போது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரிந்தது. கடையில் சுடச்சுட இட்லி தின்றுவிட்டு வந்தால், ராவுத்தர் சாக்கின்மேல் வாளி வாளியாகக் கிணற்றுநீரை ஊற்றிக்கொண்டிருக்கிறார்!

"ஐயையோ! என்னய்யா செய்யிறீர்?"

"வாடாம இருக்கணும்லா? வழியில எல்லாக் கிணத்துலயும் தெளிச்சுக்கிட்டுத்தான் வாரேன். வெத்தலையா இருந்தா இந்நேரம் அம்புட்டும் தளதளன்னு இருக்கும்."

உமி காய்ந்திருந்தால்தான் சூடு உள்ளே போகாது. பிரித்துப் பார்த்தேன். தேங்காய் அளவு ஐஸ் மிச்சம். வாயில் வந்தபடி ஏசிவிட்டேன். ராவுத்தர் அதைக் காய்ந்த வைக்கோலுக்குள் திணித்து, மாடுகளை விரட்டினார்.

காலை ஒன்பது மணிக்கு ராஜபாளையம். மேற்கே மலை நீலமாக நிற்கிறது. பார்க்க யாருக்கு மனசு வந்தது? பள்ளிக்கூடத்தில் ஊர்க்கூட்டம் கூடியிருந்தது; ராஜா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெரிய ஜாடியில் காட்ட நினைத்ததை ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் காட்ட வேண்டியதாயிற்று. ராவுத்தர் ஓடிப்போய் உப்பு வாங்கி வந்தார். ஐஸை உடைத்து உப்பைக் கலந்தேன். உப்பு சேர்ந்தால் குளிர் கூடும். அதில் நீர் ஊற்றிய அந்தக் குழாயை நிறுத்த, சுந்தரம் தயாராக வைத்திருந்த குளோரினை மெல்ல உள்ளே விட்டான். செத்த நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, குழாயின் ஓரத்தில் மஞ்சளாகக் கற்கண்டுத் தூள் போலப் படிந்தது பாருங்கள், எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது!

ராஜா குனிந்து பார்த்தார். "ஏமய்யா, இது சாயம் போட்ட ஐஸ்தானே?"

"ஐஸ் உருகினால் தண்ணீர் மட்டும்தான் வரும். இது உருகினால் காற்றும் வரும்" என்று சொல்லி, மேல்நீரை வடித்துவிட்டு, நனைத்த செம்பருத்தி இதழொன்றைக் குழாய் வாயில் வைத்தேன். "ராவுத்தரே, இங்கே வாரும். உருக்குவதில் உம்மை மிஞ்ச ஆளில்லை. இதைக் கைக்குள் பிடியும்!"

எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான். அவர் கைச்சூட்டில் படிகம் புசுபுசுவென்று நுரைத்தது. வெளிவந்த குளோரின் பட்டு, சிவந்த இதழ் எங்கள் கண்முன்னே வெளுத்தது. கூட்டம் முழுக்க இருமல். ராஜா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அறை உண்டய்யா, உண்டு! என் வீட்டுப் பக்கம் மட்டும் ஜன்னல் வச்சிராதீரு" என்றார்.

குளிரில் காற்றைப் பிடித்துக்கொள்ளும் நீர், சூடு பட்டதும் ஏன் விட்டுவிடுகிறது என்பது சீமைப் பண்டிதர்களுக்கே இன்னும் முழுதாக விளங்கவில்லை. எனக்கு அன்று அந்தக் கவலையும் இல்லை. மாலையில் அதே வண்டியில் திரும்பினேன். உள்ளே வெற்றிலைக் கட்டுகள். முதல் கிணறு வந்ததும் ராவுத்தர் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். நானே இறங்கிப்போய் ஒரு வாளி தண்ணீர் இறைத்து வந்து கொடுத்தேன்.