துரை பங்களாவின் முன்படி

1938 மார்ச் 12, மாலை நான்கு மணி. மலாயாவின் கோத்தா திங்கித் தோட்டத்துத் துரை பங்களாவை இடிப்பதில் எழுந்த சுண்ணாம்பு மணம் எங்கள் ஜன்னலுக்குள் வந்தது. அதன்பின் புத்தகத்தில் மனம் நிற்கவில்லை.

என் சிறு வயதில் அங்கே ஊமைப்படம் எடுத்தார்கள். பங்களாவில் சமைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பட்டுடுத்தி, வீட்டுக்காரியாக முன்படியில் ஏறிவரச் சொன்னார்கள். அவளோ ஒவ்வொரு முறையும், சேலை சரசரக்க வீட்டைச் சுற்றிப்போய், புகை மண்டிய சமையற்கட்டு வழியாகவே முன்கூடத்துக்கு வந்து நின்றாள்.

“அலமாக், தொரசானிக்கு முன்படி தெரியலையே!” என்று மலாய்க்காரர்போல் வியந்து, கூலி லயத்துப் பெண்கள் சிரித்தார்கள்.

“அது தொரை ஏறுற படிங்க,” என்றாள் அம்மா.

வேறொருத்தியை ஏற்றிப் படம் பிடித்தார்கள்.

அந்த முன்படி இடிந்து போவதற்குள் அம்மா ஒருமுறையாவது அதில் ஏறவேண்டுமே என்று இரவெல்லாம் தவித்தேன்.

மறுநாள் காலை அவளை அழைத்துப்போனேன். அவள் பின்பக்கம் திரும்பினாள். சமையற்கட்டு ஏற்கெனவே தரைமட்டமாகியிருந்தது. நான் முன்படியில் ஏறி, “வாம்மா” என்று கை நீட்டினேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள்.