ஆர்விடின் லாரியில் புடைத்திருந்த எண்

இது பட்டப்பகலில் நடந்தது. நான் குடித்திருக்கவில்லை. தூக்கக் கலக்கமும் இல்லை. வடக்கு டகோட்டாவில், எங்கள் பண்ணை ஷெட்டுக்குள், இந்தக் கண்களால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

மார்லிஸுக்கு நான் இரண்டாவது கணவன். முதல் கணவன் ஆர்விட் இறந்த பிறகு அவளைக் கல்யாணம் செய்துகொண்டு இந்தப் பண்ணைக்கு வந்தேன். அவனுடைய சட்டைகள் போய்விட்டன, நாற்காலி போய்விட்டது. கோதுமை ஏற்றும் பழைய லாரியை மட்டும் அவள் விற்கவிடவில்லை.

"அதுல இருக்கிறது பெரிய 302 இன்ஜின். ஊர்லயே அது ஒண்ணுதான். ஆர்விட் தேடிப் பிடிச்சு மாட்டினது" என்பாள். அப்போது அவள் முகம் மலரும். எனக்காக அது ஒருநாளும் அப்படி மலர்ந்ததில்லை.

பக்கத்துப் பண்ணை வெர்ன் வேறு சும்மா இருக்கமாட்டான். "டெல்மர், உனக்குப் புல்லு வெட்டுற மெஷினே கிளம்ப மாட்டேங்குது. நீ ஆர்விட் எடத்துக்கு வந்திருக்க பாரு!"

எனக்கு வயிறு எரியும். செத்தவன்மேல் பொறாமை. யாரிடம் போய்ச் சொல்வது?

302 இன்ஜினும் அதைவிடச் சின்னதான 228 இன்ஜினும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் இரும்பை வார்க்கும்போதே இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் ஓர் எண் புடைத்து நிற்கும். அதைப் படித்தால் உண்மை தெரிந்துவிடும். இரண்டுக்கும் உரிய எண்களை விசாரித்து மனப்பாடம் செய்துகொண்டேன். ஆர்விட் பொய் சொல்லியிருக்க வேண்டும்... அவ்வளவு ஆசை எனக்கு.

பிப்ரவரி மாதம். மார்லிஸ் சர்ச்சில் பெண்களோடு மெத்தை விரிப்பு தைக்கப் போயிருந்தாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஷெட்டுக்குள் நுழைந்தேன். மூச்சு வெள்ளைப் புகையாக வந்தது.

எண் இருந்தது கை நுழையாத இடுக்கில். நீளக் காம்பு பிரஷின் நுனி மட்டும் போகும். ஒரு கையில் பிரஷ், மறு கையில் இடுக்கைக் காட்டும் சின்ன முகக்கண்ணாடி. டார்ச்சை மட்கார்டின் மேல் வைத்தேன்.

சரக்... சரக்... எண்ணெய்ப் பிசுக்கு உரிந்தது.

வெளிச்சம் போதவில்லை. அப்போது டார்ச் மேலே எழும்பியது. யாரோ பின்னால் நின்று பிடித்ததுபோல. மார்லிஸ் சீக்கிரம் வந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"இன்னும் கீழ" என்றேன்.

வெளிச்சம் இறங்கியது.

"கொஞ்சம் இடது பக்கம்."

நகர்ந்தது. கண்ணாடியில் எண் இடவலம் மாறித் தெரிந்தது. ஒவ்வொன்றாகப் படித்தேன். சின்ன 228-க்கு உரிய எண்! சந்தேகமே இல்லை.

"பாத்தியா மார்லிஸ்! உன் ஆர்விட் சரியான புளுகன்!"



வெளிச்சம் நடுங்கியது.

கண்ணாடியை மெல்லத் திருப்பினேன். என் மூச்சு புகைந்தது. டார்ச்சுக்குப் பின்னால்... புகையே இல்லை.

ஆளும் இல்லை.

டக்.

டார்ச் அணைந்தது.

ஓடினேன்.

முற்றத்தில் மார்லிஸின் கார் இல்லை.

சாயங்காலம் அவள் வந்ததும் எண்ணைப் பற்றி மட்டும் சொன்னேன். அவள் நம்பவில்லை. மறுநாள் காலை சாட்சிக்கு வெர்னைக் கூட்டி வந்தேன். அவனிருந்த தைரியத்தில்தான் உள்ளே போனேன்.

கண்ணாடியை வைத்துப் பார்த்தவன் முகத்தைச் சுளித்தான்.

"எண் எங்கடா இருக்கு?"

புடைத்திருந்த எண் வழித்துவிட்டதுபோல மறைந்திருந்தது. அந்த இடம் மட்டும் பளபளத்தது.

"யாரோ அரம் போட்டு ராவியிருக்காங்க. புதுசு, துரு கூடப் பிடிக்கல." வெர்னின் குரல் இறங்கியது. "ஆனா இன்ஜினைக் கீழ எறக்காம இந்த இடுக்குல அரம் போகாதே... போல்ட்டெல்லாம் துருப்பிடிச்சு அப்படியே இருக்கு, டெல்மர். இதை யாரும் எறக்கல."

வாசலில் மார்லிஸ் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். பயந்துவிடுவாள் என்று திரும்பினேன்.

அவள் முகம் மலர்ந்திருந்தது.

எங்கள் இருவரையும் தாண்டி, லாரியின் இருட்டுப் பக்கத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"வீட்டுக்குள்ள வந்துடேன். இங்க குளிருது."