கப்பலில் போனவளின் நிரை

ஐம்பதுகளின் நடுப்பகுதி. இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் குடும்பம் இருந்தது. கப்பல் ஏறியவர்கள் திரும்புவதில்லை என்பது எங்கள் வீட்டின் நம்பிக்கை. அதற்கு ஆதாரமும் இருந்தது: திருச்சிப் பக்கமிருந்து கடல் தாண்டி வந்த எங்கள் முன்னோரில் ஒருவர்கூட ஊர் திரும்பவில்லை. அதனால்தான், தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரப் பெரியதுரையின் மனைவி, விடுமுறையில் தம் இரு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள என்னை மால்டாத் தீவுக்கு அழைத்து, மூன்று மாதத்தில் எல்லாருமே திரும்பிவிடலாம் என்று சொன்னபோது, வீட்டில் யாரும் அதை நம்பவில்லை.

எனக்குப் பத்தொன்பது வயது. மிஷன் பள்ளியில் படித்ததால் கொஞ்சம் ஆங்கிலம் வரும். துரைசாணி கேட்டதை மறுக்கும் வழக்கம், தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் இல்லை. எங்களுக்கு அப்போது எந்த நாட்டுக் குடியுரிமையும் கிடையாது. துரை கொழும்பில் வாங்கித் தந்த பயணத்தாள் ஒன்றுதான் கையில் இருந்தது.

"போறவ போ. ஆனா போயிட்டு வாரேன்னு மட்டும் சொல்லாத. வராதவங்க எல்லாம் அதச் சொல்லிட்டுத்தான் போனாங்க" என்றார் அம்மா.

அதுவரை அம்மாவும் நானும் கொழுந்து மலையில் அடுத்தடுத்த நிரைகளில் நின்றவர்கள். நிரை என்பது, காலையில் கங்காணி ஒவ்வொருத்திக்கும் பிரித்துத் தரும் செடி வரிசை.

மால்டா எங்கள் மலைக்கு நேர்மாறான நிலம். ஆறு இல்லை, மூடுபனி இல்லை. எங்கும் மஞ்சள் கல். கடலோரப் பாறைகளில் வெள்ளைக்காரர்கள் அசையாமல் படுத்திருந்தார்கள். முதல் நாள் அவர்களுக்கு உடம்பு சுகமில்லை என்றே நினைத்தேன். வெயிலைத் தேடி இவ்வளவு தூரம் வருகிறவர்கள் உண்டு என்பதை அங்கேதான் அறிந்தேன்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். முதல் ஞாயிறன்று, தங்கியிருந்த விடுதிக்கு அருகிலிருந்த கோயிலுக்குத் தனியாகப் போனேன். தோட்டத்துக் கோயிலில் செய்வதுபோலவே வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையால் தலையை மூடி, இடப்பக்கம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். எல்லாரும் நாற்காலிகளில் சப்பாத்துகளுடன் இருந்தார்கள். சிறுமிகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஒரு முதியவர், வெளியே போ என்பதுபோலக் கையை அசைத்தார். எழவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை.

அப்போது விடுதியில் சமையல் செய்யும் பெண் பின்வரிசையிலிருந்து எழுந்து வந்தாள். தன் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அதன்பின் யாரும் சிரிக்கவில்லை. பூசை லத்தீனில் நடந்தது. பதில்களை இருவரும் ஒன்றாகவே சொன்னோம். அவள் கற்றதும் நான் கற்றதும் ஒரே வார்த்தைகள்.

வெளியே வந்ததும், "எங்கள் ஊரில் மாதாவே செருப்புப் போட்டிருக்கிறாள், பார்க்கவில்லையா?" என்று கேலி செய்தாள்.

இரண்டாம் மாதம் துரைக்கு ஒரு கடிதம் வந்தது. அவர் இலங்கைக்குத் திரும்பப் போவதில்லை, குடும்பத்தோடு இங்கிலாந்து செல்கிறார் என்று முடிவாயிற்று. துரைசாணி என்னையும் கூப்பிட்டார். கம்பளிக் கோட்டு வாங்கித் தருவதாகவும் சொன்னார். வீட்டுக்குப் போகவேண்டும் என்றேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை.

அடுப்படியில் அழுதுகொண்டிருந்தபோது சமையற்காரி விஷயத்தைக் கேட்டறிந்தாள். அவள் கணவன் முன்பே ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்குப் போயிருந்தான். மூன்று குழந்தைகளுடன் அவளும் அடுத்த கப்பலில் புறப்பட இருந்தாள். அது கொழும்பில் நின்று போகும். "நீ என் பிள்ளைகளைப் பார்த்துக்கொள். நான் உன்னை உன் ஊரில் இறக்கிவிடுகிறேன்" என்றாள். துரைசாணியிடமும் அவளே பேசினாள். மூன்றாம் நாள் துரைசாணி என் கப்பல் சீட்டை வாங்கிவந்து மேசையில் வைத்தார்.

துறைமுகத்தில் சமையற்காரியின் தாய் அழவில்லை. கரையில் நின்று, கப்பல் கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். நான் புறப்பட்டபோது என் அம்மா நின்றதுபோலவே நின்றார்.

கொழும்பில் நான் இறங்கினேன், அவள் இறங்கவில்லை. துரை உடனிருந்தால் செல்லும் அந்தத் தாள், தனியாக வந்தவளுக்குச் செல்லுமா என்று எனக்குத் தெரியாது. அதிகாரி அதை முன்னும் பின்னும் புரட்டினார்.

"கம கொஹெத?" என்று சிங்களத்தில் ஊரைக் கேட்டார். நோர்வூட் என்றேன். அங்கே யார் இருக்கிறார்கள் என்றார்.

"அம்மா" என்றேன்.

அவர் முத்திரை குத்தினார்.

நான் வருவதாக எழுதிய கடிதம் எனக்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தது. துரை திரும்பமாட்டார் என்ற செய்தி மட்டும் முன்பே எட்டிவிட்டதால், நானும் போனவர்களில் ஒருத்தியாகிவிட்டேன். ஆனாலும் அம்மா தினமும் இரண்டு நிரை கேட்டு வாங்கியிருக்கிறார். இதை லயத்துப் பெண்கள் பிறகு சொல்லித்தான் அறிந்தேன். "ஏக்கா, ரெண்டு நிரை எதுக்கு? ஒம் மக இந்நேரம் வெள்ளக்காரிச்சியா மாறியிருப்பா" என்று கங்காணி கிண்டல் செய்ய, "நிரை பிரிக்கத்தானே கம்பு வச்சிருக்கீங்க? பிரிங்க" என்றாராம் அம்மா.

நான் மலையேறிப் போனபோது அவர் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். கை நிற்கவில்லை.

"கூடை எங்கடி?"

"இல்லம்மா."

"அப்பறம் எதுக்கு நிரையில வந்து நிக்கிற? போ, எடுத்துட்டு வா."

அறுபதுகளின் இறுதியில், இரு நாடுகளும் செய்த ஒப்பந்தப்படி அம்மாவும் அப்பாவும் தம்பிகளும் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். என் கணவருக்கு இந்நாட்டுக் குடியுரிமை கிடைத்திருந்ததால் நான் மட்டும் தங்கினேன். தலைமன்னாரில் அம்மா கப்பல் ஏறும்போது, போயிட்டு வாரேன் என்று சொல்லவில்லை. மறுநாள் காலை மலையில் நான் இரண்டு நிரை கேட்டேன். கங்காணி காரணம் கேட்காமல் பிரித்துத் தந்தார்.

அவர்கள் திரும்பவில்லை. எங்கள் வீட்டு நம்பிக்கை பொய்த்தது என் ஒருத்தி விஷயத்தில்தான். அந்த அதிகாரி இன்று வந்து, அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், நான் இருக்கிறேன் என்றுதான் சொல்லவேண்டும்.