சீதனத்துக்கு இல்லாத பிரேசில் கதிரை

எனக்கு எழுபத்திநாலு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நாலு நான் பெற்றவை, இரண்டு தங்கச்சியுடையவை. பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை. ஆனாலும் இத்தாலியில் பலெர்மோவில் இருக்கிற எங்கள் தமிழ் ஆட்களில், பிரேசில் நாட்டுப் பழைய கதிரை, கிண்ணம், படம் என்று சேர்க்கிறவள் நான் ஒருத்திதான். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

நான் வீட்டுவேலை செய்த வீட்டுக்கார அம்மாவை சிக்னோரா என்றுதான் கூப்பிடுவேன்; அவரிடமிருந்துதான் இந்தப் பழக்கம் தொற்றியது. அவருடைய கணவர் கட்டடம் வரைகிறவர். இளமையில் பிரேசிலில் வேலை செய்து, அந்தக் காலத்துப் புதுமாதிரிச் சாமான்களைக் கப்பலில் கொண்டுவந்தவர். பூவும் கொடியும் செதுக்கின வேலை ஒன்றும் அவற்றில் இராது. மரம் மரமாகவே இருக்கும், தோல் தோலாகவே இருக்கும். துடைக்கத் துடைக்க அந்த அழகு எனக்குப் பிடிபட்டது. நானும் பழஞ்சாமான் சந்தையில் தேடத் தொடங்கினேன். சிக்னோரா அடியைத் திருப்பிப் பார்த்து, பிரேசில்தான் என்று தலையாட்டினால்தான் அது என் அலுமாரிக்குள் போகும்.

சிக்னோரா மகளோடு இருக்கப் பகேரியாவுக்குப் போனபோது, விரும்பிய ஒன்றை எடுக்கச் சொன்னார். நான் ஒரு கதிரையை எடுத்தேன். கறுத்த மரச்சட்டத்தில் ஊஞ்சல் போலத் தொங்கும் தடித்த தோல். நிலத்தோடு ஒட்டின உயரம்.

“அங்கை பிரிஜ் கிடந்தது, டிவி கிடந்தது. உந்தக் கட்டைக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வாறியளே அம்மா!” என்றாள் மகள்.

அதன் பிறகுதான் அவள் பெற்ற என் பேத்தியின் கல்யாணப் பேச்சு வந்தது. அவளும் பெடியனும் மொண்டெல்லோவில் ஒரே உணவகத்தில் வேலை செய்து, தாங்களே முடிவெடுத்துவிட்டார்கள். பெடியனின் தாய் சம்மதிப்பது மட்டுமே மிச்சம். அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததும், இருக்கிறதில் நல்ல கதிரையைக் காட்டினேன். அவர் இருந்தார். இருந்தார் என்பதைவிட இறங்கினார் என்பதுதான் சரி. முழங்கால் மூக்குக்கு நேரே வந்துவிட்டது.

மாப்பிள்ளையின் தாய் கீழே, பெண் வீட்டார் நாங்கள் மேலே! மகளுக்கு முகம் வெளிறியது. முதலில் மருமகன் நழுவி நிலத்தில் இருந்தார். பிறகு மகள். பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நானும். ஏன் என்று விளங்காமலே பெடியனும் வந்து குந்தினான்.

“ஏன் எல்லாரும் நிலத்திலை? பூசையோ?” என்று பெடியனின் தாய் கேட்டார்.

“உங்களுக்கு மரியாதை,” என்றேன்.

அவர் இடுப்பைத் தடவிக்கொண்டு சாய்ந்து கண்ணை மூடினார். நாள் முழுக்க மாடிப்படி துடைக்கிற மனுசி. “என்ரை நாரி நோவு இண்டைக்குத்தான் ஆறுது. அம்மா, எங்களுக்குச் சீதனம் ஒண்டும் வேண்டாம். இந்தக் கதிரையை மட்டும் தாங்கோ.”

மகளின் வாய் ‘ஓம்’ என்று திறந்ததைக் கண்டேன். முந்திக்கொண்டேன்.

“பேத்தியைத் தாறன். கதிரையைத் தரமாட்டன்.”

மகள் என் தொடையில் கிள்ளினாள். கதவடியில் நின்ற பேத்தி அழப்போகிறவள் போல என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் தாய் ஒரு கண்ணைத் திறந்தார்.

“பேத்தியை விடக் கதிரை பெரிசோ?”

“பேத்திக்குத் தன்னைப் பார்க்கத் தெரியும். கதிரையை ஆர் பார்க்கிறது? தோலிலை வெயில் படக்கூடாது, ஈரத்துணி படக்கூடாது. நீங்கள் அதிலை உடுப்புக் காயப்போடுவியள்.”

அவர் யோசித்தார். “போடுவன்தான்,” என்று சொல்லிச் சிரித்தார். கதிரையும் சேர்ந்து குலுங்கியது. “அப்ப எனக்கும் உப்பிடி ஒண்டு தேடித்தாங்கோ.”

“வாங்கோ, சேர்ந்து தேடுவம்.”

கல்யாணம் தையில். அதுவரை ஞாயிறுதோறும் நாங்கள் இருவரும் சந்தைக்குப் போகிறோம். பிளாஸ்டிக் கதிரையைக் கூடத் தட்டிப் பார்த்து, “இது பிரேசிலோ?” என்று கேட்கிறார். போன கிழமை கறுத்த மரத்தில் ஒரு குட்டி மேசை. இருவரும் ஒரே நேரத்தில் கை வைத்தோம். சம்பந்தியாச்சே என்று விட்டுக்கொடுத்தேன். அந்த மேசையின் ஒரு காலை யாரோ பின்னாளில் வேறு மரத்தில் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அதை நான் இன்னும் அவருக்குச் சொல்லவில்லை.

பிள்ளை, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை ஒருக்கா வாசிச்சுக் காட்டு. அந்த மேசைக்கால் வாற இடத்தை மட்டும் மெல்லமா வாசி. உனக்கு வரப்போற மாமி குசினிக்கை தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிக்கிறா.