குப்புறக் கிடந்த போன்

கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் செய்கிறவருக்குச் 'சாமியார்' என்று பெயர். தாடியும் கிடையாது, பட்டினியும் கிடையாது. மூன்று வேளையும் மூக்குப் பிடிக்கச் சாப்பிடுகிற மனிதர்தான். யார் போனைக் கொடுத்தாலும் உள்ளே எட்டிப் பார்க்க மாட்டார், அதனால் வந்த பெயர். உடைந்த கண்ணாடியை மாற்றுவார், தன் நம்பருக்கு ஒரு கால் அடித்துப் பார்ப்பார், மஞ்சள் துணியில் போனைக் குப்புறக் கவிழ்த்து வைப்பார். அவ்வளவுதான். 'சாமியார்கிட்ட குடுத்தா பயமில்ல' என்று பெண்கள் அவரைத் தேடி வந்தார்கள். அவருக்கும் அதில் தலைகால் புரியாத பெருமை.

அவருக்குப் பதினைந்து வயதில் ஒரே மகள். ஒரு சாயங்காலம் கடைக்கு வந்து, நொறுங்கிய போனை மேசையில் வைத்தாள்.

"விழுந்திருச்சுப்பா. லாக்கை எடுத்துட்டேன். மெதுவா பாருங்க, அவசரமில்ல."

"போன மாசம்தானே மாத்திக் குடுத்தேன்? கையில என்ன வெண்ணெயா?"

அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

புதுக் கண்ணாடியை ஒட்டி போனை ஆன் செய்ததும் மளமளவென்று மெசேஜ்கள் வந்து விழுந்தன. 'ஏன் பதில் இல்ல?' என்ற ஒன்று கண்ணில் பட்டது. ஊரார் போனையே பார்க்காதவன் பெற்ற பெண்ணை வேவு பார்ப்பதா? பழகிய கை போனைக் கவிழ்த்தது. அந்தக் கையைப் பிடித்து இழுக்க ஒருவர்கூட அங்கே இல்லாமல் போனாரே!

சில வாரங்களில் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். தனக்குப் பதினேழு வயது என்று சொல்லி அவளிடம் பழகியவனுக்குச் சாமியாரின் வயது. தேனாகப் பேசிப் படங்களை வாங்கி, அவற்றை வைத்தே மிரட்டி, கடைசியில் வகுப்பு முழுக்க அனுப்பிவிட்டான். சாமியார் போனைச் சரிசெய்து கொடுத்த பிறகுதான் முதல் படமே போயிருக்கிறது. போலீஸ் அவனைப் பிடித்துவிட்டது. படங்களைப் பிடிக்க யாராலும் முடியவில்லை.

மகள் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அறையின் ஜன்னலைத் திறக்கவும் விடுவதில்லை. சாப்பாட்டுத் தட்டோடு கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தவர், மனசுக்குள் அரித்துக்கொண்டிருந்ததை ஒருநாள் கேட்டே விட்டார்.

"அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவள் மெல்லப் பேசினாள்.

"படம் கேட்டான்பா. அது தப்பா, எல்லாரும் செய்றதுதானான்னு எனக்குத் தெரியல. உங்ககிட்ட கேக்கவும் வாய் வரல. அதான் போனை நானே தரையில போட்டு உடைச்சேன். நீங்க பாத்துருவீங்கன்னு நெனச்சேன்."

அவர் தட்டைத் தரையில் வைத்தார்.

"திருப்பிக் குடுக்கறப்ப நீங்க ஒண்ணுமே சொல்லலையேப்பா… அப்ப தப்பில்ல போலன்னு நெனச்சுக்கிட்டேன்."